ஹொரேஸ் டில்லார்டின் முத்து வெள்ளைக் கிராண்டல்

ஹொரேஸ் டில்லார்ட் டவுன் பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் கேக் வெட்டினார்கள். "இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"சும்மா உட்காரப் போறேன்" என்றார் ஹொரேஸ்.

"இத்தனை வருஷமும் உட்கார்ந்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஹொரேஸ் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்காக எதையும் சொன்னதில்லை.

சாகினா நகரத்தில் ஆற்றுக்குக் கிழக்கே அவர் ஓட்டாத தெரு கிடையாது. பஸ்ஸின் சீட்டு பலகை மாதிரி இருக்கும். கதவு திறக்கும்போது பெருமூச்சு விடும், மூடும்போது அறையும். ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று தலைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கும், அதைப் படித்துவிட்டு, "எதுக்குப் பேசக்கூடாதாம்?" என்று அவரிடமே கேட்பார்கள். மிச்சிகன் குளிரில் தெருவுக்குப் போடும் உப்பு பஸ்ஸின் அடிப்பாகத்தைத் தின்று, பல இடங்களில் தகரம் கிடுகிடுவென ஆடும். வீட்டுக்கு வந்தால் மனைவி எர்னஸ்டீன் ஏதாவது சொல்வார். இவர் காதில் தகரம்தான் கேட்கும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் ஆற்றுக்கு மேற்கே, பணக்காரர்கள் இருக்கும் பக்கம், ஒரு வீட்டு வாசலில் அந்தக் காரைப் பார்த்தார். கிராண்டல். முத்து வெள்ளை. கண் டாக்டர் ஒருவர் புதிதாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்து, பதினான்கு வருஷம் வைத்திருந்துவிட்டுச் செத்துப்போயிருந்தார். வாங்கியபோது ஹொரேஸ் இருந்த தெருவில் அந்தக் காசுக்கு ஒரு வீடே கிடைத்திருக்கும். இப்போது டாக்டரின் மகன் கேட்ட விலைக்குக் கடையில் ஒரு நல்ல புல்வெட்டும் வண்டி வாங்கலாம்.

"உட்கார்ந்து பாருங்க" என்றான் மகன்.

ஹொரேஸ் உட்கார்ந்தார். கதவை அடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முக்கால்வாசி சாத்தியதும் மீதியை அதுவே மெதுவாக இழுத்துக்கொண்டது. தெருவில் ஒருவன் இலை ஊதும் இயந்திரத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்பது தெரிந்தது, இலை பறப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஹொரேஸ் ரொம்ப நேரம் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் மகன் கவலைப்பட்டுக் கண்ணாடியைத் தட்டினான்.

எர்னஸ்டீனின் தம்பி ரூபர்ட் ஒரு பழைய சலவைக் கடையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். வாங்குவதற்கு முன்னால் ஹொரேஸ் காரை அங்கே ஓட்டிக்கொண்டு போனார். ரூபர்ட் பானெட்டைத் திறந்து பார்த்தார். கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து கை துடைத்தார்.

"மச்சான், இது கெடலேன்னா இதவிட நல்ல காரு உலகத்துல கிடையாது."

"கெட்டா?"

"கெட்டா, எங்க அக்கா மூஞ்சியவிட என் மூஞ்சியத்தான் நீ அதிகமா பார்ப்ப. இந்தா பாரு, இது காத்துல நிக்கிற வண்டி. நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. இந்த எஞ்சினுக்குள்ள என் கை போகாது. எந்த மனுஷன் கையும் போகாது. வாங்குற விலைதான் பழைய காரு விலை. ரிப்பேருக்கு மட்டும் புதுக் காரு விலைதான் இன்னிக்கும்."

"சத்தமே இல்ல, ரூபர்ட்."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"ம்" என்றார் ஹொரேஸ். அன்று சாயங்காலமே வாங்கிவிட்டார்.

எர்னஸ்டீன் வாசற்படியில் நின்று பார்த்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அப்போதுதான் வந்து ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"யார் வீட்டு வண்டி?"

"நம்ம வண்டிதான்."

"சவ ஊர்தி மாதிரி இருக்கிற இதக் கொண்டாந்து இந்தத் தெருவுல நிறுத்தினா, உள்ள யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு ஜனங்க துக்க வீட்டுச் சாப்பாடா கேசரோல் எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க, ஹொரேஸ்."

அவர் சொன்னது பாதி நடந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

முதல் சில வாரங்கள் ஹொரேஸின் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். காலையில் காபியை எடுத்துக்கொண்டு, எங்கே போவது என்று முடிவு செய்யாமலே கிளம்புவார். ஆற்றோரமாகப் போவார். வளைகுடா வரைக்கும் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். தான் ஓட்டிய பஸ் வழித்தடத்தில் ஒரு நாள் முழுவதும் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு குழியும் எங்கே இருக்கிறதென்று அவர் முதுகுக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் முதுகு தன்னால் விறைக்கும். கார் எதுவும் நடக்காததுபோல் போய்விடும். ரேடியோ போடமாட்டார். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்திருப்பார்.

பிறகு சர்ச்சில் பார்த்துவிட்டார்கள்.

இரண்டாம் கலிலேயா பாப்டிஸ்ட் சர்ச்சில் வயதான பெண்களுக்குத் தனி வரிசை உண்டு. வெள்ளை உடை, பெரிய தொப்பி, முதல் பெஞ்சு. அவர்களில் சிஸ்டர் ஒடெஸ்ஸா கிரம்புக்கு யாரையும் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம்.

"பிரதர் டில்லார்ட், அடுத்த ஞாயித்துக்கிழமை ஒம்போதரைக்கு நான் ரெடியா இருப்பேன்."

"எதுக்கு சிஸ்டர்?"

"சர்ச்சுக்கு. வேற எதுக்கு?"

அடுத்த ஞாயிறு ஒடெஸ்ஸா ஏறினார். அதற்கடுத்த ஞாயிறு ஒடெஸ்ஸாவும் அவருடைய பக்கத்து வீட்டு சிஸ்டர் பெர்னிஸும். மாதம் முடிவதற்குள் பின் சீட்டில் மூன்று பேர், மூன்று தொப்பி. புதன்கிழமை பைபிள் வகுப்புக்கும் போக வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை ரத்த அழுத்தம் பார்க்கப் போனார்கள். ஒருத்தர் முடி அலங்காரத்துக்குப் போனால் மற்ற இருவரும் துணைக்கு வந்தார்கள். முன்பு நாற்பது பேர் ஏறிய பஸ்ஸில்கூட இத்தனை பேச்சு கிடையாது. வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராததால் ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகக் கேட்டது. பாஸ்டர் மனைவி சுட்ட இனிப்பு வள்ளிக்கிழங்குப் பலகாரத்தில் சர்க்கரை பத்தவில்லை என்பதை அவர்கள் ஆற்றின் இரண்டு பாலங்களைக் கடக்கும் வரை பேசினார்கள்.

ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று ஒரு பலகை ஒட்டினால் என்ன என்று ஹொரேஸ் வீட்டில் கேட்டார்.

"ஒட்டு. ஒட்டிட்டு வேற சர்ச்சும் பாத்துக்கோ" என்றார் எர்னஸ்டீன்.

முதல் குளிர்காலத்தில் கார் உட்கார்ந்துவிட்டது. இரவு பனி கொட்டியிருந்தது. காலையில் பார்த்தால் முன்பக்கம் நிமிர்ந்தும் பின்பக்கம் தரையில் படிந்தும், பட்டி வாசலில் எழுந்திருக்க மறுக்கும் மாடு மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் சாலையைக் கடந்து வந்து கூடவே நின்று பார்த்தார்.

"நல்லா சாப்பிட்டிருக்கு போல" என்றார்.

ரூபர்ட் வந்தார். காற்றுப் பைகள் வெடித்துப்போயிருந்தன. அதே மாதிரி பைகள் வாங்கும் விலையைச் சொன்னதும் ஹொரேஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ரூபர்ட் காற்றுப் பைகளைக் கழற்றிவிட்டு, சாதாரண இரும்பு ஸ்பிரிங்கைப் போட்டார். அது காருக்குப் புரியவில்லை. ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் அழகான நீல எழுத்தில், பின்பக்கம் காற்று இல்லை, தயவுசெய்து கவனிக்கவும் என்று எழுதியது. அன்றிலிருந்து அதை எழுதாத நாளில்லை. ஜனவரியில் இடது பக்கப் பின் கண்ணாடி கதவுக்குள்ளே விழுந்து மேலே வர மறுத்தது. பிளாஸ்டிக் தாளும் டேப்பும் ஒட்டி, சிஸ்டர் பெர்னிஸ் அந்தப் பக்கம் கம்பளி போர்த்திக்கொண்டு சர்ச்சுக்கு வந்தார். குளிரில் பல் கிட்டியபோதும் அவர் பேச்சு நிற்கவில்லை. எஞ்சினைக் கவனிக்கவும், கண்ணாடி துடைக்கும் தண்ணீரைக் கவனிக்கவும், எதையென்று சொல்லாமல் வெறுமனே கவனிக்கவும் என்றெல்லாம் திரை எழுதிக்கொண்டே வந்தது. பணக்காரர்களின் வண்டி சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளும் என்பது ஹொரேஸின் முடிவு. அதனால் இரண்டாவது வருஷம் மே மாதம், எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் குறைகிறது என்று அது எழுதியபோது அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

அது ஒரு சனிக்கிழமை. ஒடெஸ்ஸாவின் தங்கை மகளுக்கு ஃப்ளின்டில் கல்யாணம். பின் சீட்டில் மூன்று சிஸ்டர்களும் ஆளுக்கொரு பவுண்ட் கேக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எர்னஸ்டீன் முன்னால் இருந்தார். நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரப் பயணம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல நிக்கும்போது நாம போய் இறங்கணும், பிரதர் டில்லார்ட்" என்றார் ஒடெஸ்ஸா. "முன்னாடியே போயிட்டா யாரும் பார்க்க மாட்டாங்க."

ஃப்ளின்ட் ஊருக்குள் நுழையும் இடத்தில் சூடு காட்டும் முள் எழுந்தது. நின்றபாடில்லை, ஏறிக்கொண்டே போனது. திரை இப்போது தயவுசெய்து என்று எழுதவில்லை. எஞ்சினை நிறுத்து என்று மட்டும் எழுதியது. ஹொரேஸ் ஓரம் கட்டுவதற்குள் பானெட்டின் இரண்டு பக்கமும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தது.

"என்ன வாசனை அது?" என்றார் பெர்னிஸ். "யாராவது சிரப் காய்ச்சுறாங்களா?"

"நாமதான் காய்ச்சுறோம்" என்றார் எர்னஸ்டீன்.

புல் தரையில் ஐந்து பேரும் நின்றார்கள். ரூபர்டைப் போனில் கூப்பிட்டதற்கு, இழுத்துவர வண்டி கொண்டுவருவதாகவும், ஆனால் ஆள் ஏற்ற அதில் இடமில்லை என்றும் சொன்னார். "அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியத் திறந்துடாத மச்சான். திறந்தா உன் மூஞ்சியும் போயிடும்" என்றும் சொன்னார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பஸ் நிறுத்தம் ஒன்று இருந்தது.

"கேக்கையும் தூக்கிக்கிட்டு நான் பஸ்ஸுல போகணுமா?" என்று கேட்டார் ஒடெஸ்ஸா.

"இல்லாட்டி கேக்கு உங்களத் தூக்கிக்கிட்டுப் போகணும், சிஸ்டர்" என்றார் எர்னஸ்டீன்.

பஸ் வந்தது. ஓட்டுநர் ஒரு இளம்பெண். சில்லறை சரியாக இருந்தால்தான் ஏற்றுவேன் என்றார். ஹொரேஸ் ஐந்து பேருக்கும் எண்ணிப் போட்டார். தான் எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன அதே வாக்கியத்தை முதல்முறையாகக் கேட்டபோது, அது இத்தனை எரிச்சலான வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்தது. தொப்பிகள் கம்பியில் இடிக்காமல் மூவரும் குனிந்து போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் கேக்குகள் எழும்பி இறங்கின. ஒடெஸ்ஸாவின் கேக்கில் மேல்பூச்சு நடுவில் பிளந்தது. அந்த மூவரோடு ஹொரேஸ் போன பயணங்களிலேயே அதுதான் அமைதியான பயணம். கல்யாண வாசலுக்கு எதிரே பஸ் நின்றபோது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியேதான் நின்றிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சிஸ்டர்கள் சர்ச் வேனில் வர ஆரம்பித்தார்கள்.

ரூபர்டின் ஷெட்டில் கார் ஒரு மூலையில் கிடந்தது. சூட்டில் ஹெட் கேஸ்கட் என்ற எஞ்சின் அடைப்புத் தகடு போய், எஞ்சின் வளைந்துவிட்டது. சரி செய்யலாம், ஆனால் அதற்காகும் செலவில் இதே மாதிரி கார் இன்னும் இரண்டு வாங்கலாம் என்றார் ரூபர்ட்.

"வாங்கிடாத" என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

ஹொரேஸ் ஓய்வு பெற்றவர்களுக்குத் தரும் இலவச பாஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார். பழைய தோழர்கள் கேலி செய்தார்கள். "ஹொரேஸ், உன் டிரைவர் லீவா?" அவர் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கோடை போய், இலை உதிர்ந்து, குளிர் வந்தது. நவம்பரில் பழைய இரும்பு எடுக்கும் ஒரு ஆளை வரச் சொன்னார். அன்று காலை எர்னஸ்டீனிடம் காபி குடிக்கும்போது சொன்னார்.

"இன்னிக்கு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

"எந்த வண்டிய?"

"நம்மகிட்ட எத்தனை வண்டி இருக்கு?"

எர்னஸ்டீன் கோப்பையைக் கீழே வைத்தார். "என்னைக் கேட்டியா?"

"உனக்குத்தான் அது பிடிக்கவே பிடிக்காதே. கேசரோல் எடுத்துக்கிட்டு வருவாங்கன்னு சொன்னியே."

"சொன்னேன். வண்டியப் பத்திச் சொன்னேன். சீட்டப் பத்திச் சொன்னேனா?"

ஹொரேஸுக்குப் புரியவில்லை. எர்னஸ்டீன் சொல்லத் தயங்கியதை அவர் அன்றுதான் முதல்முறை பார்த்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் சிமெண்ட் தரையில் நின்று நின்று எர்னஸ்டீனுக்கு இடுப்பு போயிருந்தது. குளிர்காலத்தில் எழுந்ததும் நிமிர முடியாது. கிராண்டலின் முன் சீட்டில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் முதுகிலிருந்து தொடை வரை சூடேறும். இரண்டு குளிர்காலமும் காலையில் "சீக்கிரம் வா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு எர்னஸ்டீன் தனியாகக் காருக்குப் போய்விடுவார். அவசரப்படுத்துகிறார் என்றே ஹொரேஸ் நினைத்திருந்தார். அவர் ஷூ போட்டுக்கொண்டு வருவதற்குள் கொஞ்ச நேரம் அந்தச் சூட்டில் சாய்ந்திருக்கத்தான் எர்னஸ்டீன் போனது.

"டாக்டர் குடுத்த எந்த மாத்திரையும் அந்த சீட்டு செஞ்சத செய்யல" என்றார் எர்னஸ்டீன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இத வாங்கினது சரின்னு ஆயிடும்ல."

ஹொரேஸ் யோசித்தார். "சூடு பண்ற மெத்தை தனியா கடையில விக்குது. அத வாங்கிப் போட்டுக்கலாம்."

"வாங்கிப் பார்த்தேன். கருவாடு மாதிரி ஒரு பக்கம் மட்டும் காயுது."

அப்புறம் எர்னஸ்டீன் கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, தம்பியின் ஷெட்டுக்குப் போனார். ஹொரேஸ் பின்னாலேயே போனார். இரும்பு ஆள் ஏற்கெனவே வந்து சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கழட்டு" என்றார் எர்னஸ்டீன்.

"அம்மா, இவர்தான் வரச் சொன்னாரு."

"இவரு ஓட்டித்தான் கல்யாணத்துக்கும் போனோம். கழட்டு."

அவன் ஹொரேஸைப் பார்த்தான். ஹொரேஸ் ஷெட்டின் கூரையைப் பார்த்தார். சங்கிலி கழன்றது.

சமையலறைத் தரையை மாற்றுவதற்கென்று எர்னஸ்டீன் சேர்த்துவைத்திருந்த பணம் ரூபர்டின் கைக்குப் போனது. ரூபர்ட் ஒஹையோவில் உடைந்த வண்டிகள் விற்கும் ஓர் இடத்தில், பின்னாலிருந்து இடி வாங்கிய ஒரு கிராண்டலைக் கண்டுபிடித்தார். பின்பக்கம் பேப்பர் மாதிரி கசங்கியிருந்தது, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. அதைக் கொண்டுவந்து மாற்ற அந்தக் குளிர்காலம் முழுக்க ஆயிற்று. "எங்கம்மா மேல சத்தியமா இன்னொரு தடவ இதச் செய்ய மாட்டேன்" என்றார் ரூபர்ட். "அவ எனக்கும் அம்மாதான், பார்த்துச் சத்தியம் பண்ணு" என்றார் அக்கா.

ஈஸ்டருக்கு இருவரும் அலபாமாவில் இருக்கும் எர்னஸ்டீனின் தங்கை வில்லா மே வீட்டுக்குக் கிளம்பினார்கள். ரூபர்ட் வேண்டாமென்றார். கேட்கவில்லை. ஒஹையோவைத் தாண்டும் வரை கார் பால்போல் போயிற்று. கெண்டக்கியில் சாப்பிட ஒரு ஊரில் நிறுத்தினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், இது என் சாவியில்லை என்று திரை எழுதியது.

"வேற யார் சாவியாம்?" என்றார் எர்னஸ்டீன்.

திரும்பத் திரும்ப முயன்றார்கள். கார் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. இழுவை வண்டிக்காரர் ஒருவர் வந்தார். சிவந்த முகம், தொங்கு மீசை, நிதானமான ஆள். கார் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பாகம் மாற்ற வேண்டும், வெளியூரிலிருந்து வர வேண்டும், நடுவில் பண்டிகை விடுமுறை என்று விளக்கினார். சொல்லிவிட்டுக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கையால் தடவிப் பார்த்தார்.

"இத விக்கிறதா இருந்தா சொல்லுங்க, சார்."

ஹொரேஸ் வாயைத் திறந்தார்.

"விக்கிறதா இல்ல" என்றார் எர்னஸ்டீன்.

நெடுஞ்சாலையோரம் ஒரு மோட்டலில் அறை எடுத்தார்கள். ஈஸ்டர் அங்கேதான். காலையில் கீழே கூடத்தில் வாஃபிளைத் தாங்களே வார்த்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்று இருந்தது. வருஷக்கணக்காக மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சமைத்த எர்னஸ்டீன் அதன் முன்னால் நின்று, யாருக்கும் தராமல், தனக்கு மட்டும் ஒன்று வார்த்து, சாப்பிட்டு, இன்னொன்று வார்த்தார். மத்தியானம் மூடப்பட்ட நீச்சல் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். டிவியில் ஒரு சர்ச் ஆராதனை ஓடியது. அதில் பாடிய பெண் சுருதி சேராமல் பாடினார், இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு மோட்டலில் தங்கியதே இல்லை என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. வேலை, பிள்ளைகள், அப்புறம் பேரப்பிள்ளைகள். எங்கே போனாலும் சொந்தக்காரர் வீடு, யாருடைய சோபாவோ.

"வில்லா மே கோவிச்சுக்குவா" என்றார் ஹொரேஸ்.

"அவ எப்பவும் கோவிச்சுக்குவா. படு."

பாகம் வந்து, கார் சாவியை ஒப்புக்கொண்டு, அவர்கள் அலபாமா போய்ச் சேர்ந்தபோது ஈஸ்டர் முடிந்து, விருந்துக்குச் சமைத்த பன்றித் தொடையில் எலும்புதான் மிச்சமிருந்தது. வில்லா மே அதைப் போட்டுக் கீரை வேகவைத்துத் தந்தார். கோபித்துக்கொள்ளவும் செய்தார்.

ஊர் திரும்பிய மாதத்தில் ஹொரேஸ் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினார். கடைக்கும் டாக்டரிடமும் அதில்தான் போவார். அது காலையில் கிளம்பும், சாயங்காலம் வந்து நிற்கும். அதைப் பற்றி எதிர்வீட்டுக்காரர் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. கிராண்டல் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. குளிர்காலக் காலைகளில் அதன் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், எங்கும் போகாது. முன் சீட்டில் எர்னஸ்டீன் கோட்டைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருப்பார். ஹொரேஸ் வந்து கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார். போன டிசம்பரிலிருந்து எர்னஸ்டீன் சாய்ந்திருந்த சீட்டின் சூடு வேலை செய்யவில்லை. அதனால் எர்னஸ்டீன் ஓட்டுநர் சீட்டுக்கு மாறிக்கொண்டார்.